வர்க்கமூலமும் ஒரு வழக்குத் தவணையும்

விளக்கமறியல், கொழும்பு
10 நவம்பர் 2024

ஹம்சிக்கு,

இனி வரமாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனாய். சரி, வராதே. கம்பி வலைக்கு இரண்டு பக்கமும் அத்தனை பேர் நின்று கத்துகிற இடத்தில் நீ சொன்னது எனக்குப் பாதிதான் கேட்டது. நான் சொன்னது மட்டும் எல்லாருக்கும் கேட்டுவிட்டது. "ஒன்ட அப்பாகிட்டயே போயிரு." அதைப் பற்றி இப்போது எழுத எனக்கு வரவில்லை.

இது வேறு விஷயம். இங்கே உள்ளே இருந்தபடி ஓ.எல். பரீட்சை எழுதலாம். நான் கணக்கு ஒன்றுக்கு மட்டும் பெயர் கொடுத்திருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் இரண்டு முறை எழுதி விழுந்த பாடம் அதுதான், உனக்குத் தெரியும். துறைமுகத்தில் கிரேன் ஓட்டப் பழக்குவதற்கு ஆள் எடுக்கும்போது முதலில் கணக்குப் பாடத்தில் சித்தியடைந்தாயா என்றுதான் கேட்பார்களாம். நான் ஓட்டின திறீவீல் பொலிசில் நின்று துருப்பிடிக்கிறது. வழக்கு முடிந்து வெளியே வந்தாலும் அதை நம்பி இருக்க ஏலாது.

வெளியிலிருந்து வருகிற மாஸ்டர் சிங்களத்தில் படிப்பிக்கிறார். தமிழ்ப் புத்தகம் ஒன்று கிடைத்தது. அதில் முதல் பாடம் இல்லை. யாரோ கிழித்து பீடி சுற்றியிருக்கிறார்கள். கடந்தகால வினாத்தாளில் அந்தப் பாடத்திலிருந்து ஒரு கேள்வி கட்டாயம் வருகிறது. வர்க்கமூலத்தைக் கூட்டுவது, கழிப்பது.

√9 + √16 என்று இருக்கிறது. 9-உம் 16-உம் 25. √25 என்றால் 5. ஆனால் விடையில் 7 என்று போட்டிருக்கிறார்கள். அச்சுப் பிழையா?

நீ ஏ.எல்.இல் கணிதம் படித்தவள். என்னில் கோபம் இருந்தால் கணக்கை மட்டும் எழுதி அனுப்பு.

ரொஷான்


கொட்டாஞ்சேனை
24 நவம்பர் 2024

ரொஷானுக்கு,

அச்சுப் பிழை இல்லை. 9-இன் வர்க்கமூலம் 3. 16-இன் வர்க்கமூலம் 4. இரண்டையும் கூட்டினால் 7. நீங்கள் குறிக்கு உள்ளே இருப்பவற்றை முதலில் கூட்டிவிட்டு, பிறகு மூலம் எடுக்கிறீர்கள். பெருக்கும்போது அப்படிச் செய்யலாம். கூட்டும்போதும் கழிக்கும்போதும் செய்யக்கூடாது.

எல்லா எண்ணுக்கும் இப்படி முழுதாக மூலம் வராது. √2, √3 போன்றவை அப்படியே நிற்கும். அவற்றைத்தான் புத்தகத்தில் சேடு என்கிறார்கள். சேடுகளைக் கூட்டுவது கடையில் பண்டம் எண்ணுவது மாதிரி. மூன்று மாலு பாணும் இரண்டு மாலு பாணும் ஐந்து மாலு பாண். அதுபோல 3√2 + 2√2 = 5√2. மூன்று மாலு பாணும் இரண்டு ரோல்சும் என்றால் அப்படியேதான் சொல்ல வேண்டும். √2-உம் √3-உம் அப்படித்தான்.

சில வேளை பார்வைக்கு வேறுபோல இருக்கும். √12 + √27 என்று தந்தால் கூட்ட ஏலாது என்று விட்டுவிடக்கூடாது. 12 என்பது 4 × 3. 4 ஒரு வர்க்க எண், அதன் மூலம் 2 வெளியே வரும். ஆகவே 2√3. 27-ஐ நீங்களே செய்து பாருங்கள். பிறகு √50 + √8.

கணக்கை மட்டும் எழுதச் சொன்னீர்கள். ஆனால் ஒன்று கேட்க வேண்டும். செபஸ்தியன் தந்த பையைத் தெமட்டகொடைக்குக் கொண்டுபோனபோது அதற்குள் என்ன இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்டீர்களா? அவர் இன்று இத்தாலியில் இருக்கிறார். அவருடைய அம்மா கோயிலில் என்னைக் கண்டால் வேறு வாங்குக்குப் போய் இருக்கிறா.

மாமி சுகம். உங்களுக்கு ஒரு வெள்ளைச் சேர்ட் வாங்கி வைத்திருக்கிறா.

ஹம்சிகா


விளக்கமறியல், கொழும்பு
15 டிசம்பர் 2024

ஹம்சிக்கு,

27 என்றால் 9 × 3. மூன்று வெளியே வரும். 2√3 + 3√3 = 5√3. இது வந்தபோது பக்கத்தில் படுத்திருந்த புவாத்தைத் தட்டி எழுப்பிக் காட்டினேன். புவாத் தெஹிவளைப் பக்கம் சாமான் கடை வைத்திருந்தவர், காசோலை வழக்கு. பார்த்துவிட்டு, "மச்சான், சரியோ பிழையோ, ஒன்ட மொகத்துல இண்டைக்குத்தான் வெளிச்சம் ஈக்கி" என்றார்.

உள்ளே, வெளியே என்று நீ எழுதியதை வைத்து இங்கே ஒரு பகிடி ஓடுகிறது. வர்க்க எண்ணாக இருந்தால் பிணையில் வருமாம், மிச்சம் உள்ளேதான் கிடக்குமாம்.

√50 + √8 செய்தேன். 5√2 + 2√2 = 7√4. வேறு சில கணக்குகளும் தாளில் இருக்கின்றன. திருத்தி அனுப்பு.

பையைப் பற்றிக் கேட்டாய். கேட்கவில்லை. செபஸ்தியனும் நானும் ஒரே நாளில் முதல் நற்கருணை வாங்கினவர்கள். "மச்சான், தெமட்டகொடையில ஒரு ஆள் நிப்பான், குடுத்துட்டு வா" என்றான். அவனிடம் பையைத் திறந்து காட்டு என்று கேட்க எனக்கு வாய் வந்திருக்காது. பொலிஸ்காரன்தான் திறந்தான். அதற்குப் பிறகு நான் சொன்ன எதையும் யாரும் நம்பவில்லை. நீயாவது நம்புகிறாயா என்று கேட்க நினைத்துத்தான் அன்றைக்கு வலைக்குப் பக்கத்தில் நின்றேன். அதற்குள் நீ உன் அப்பா வீட்டுக்குக் கூப்பிட்ட கதையைத் தொடங்கிவிட்டாய்.

நத்தார்ப் பூசைக்கு அம்மாவோடு கோயிலுக்குப் போ. அவவைத் தனியே விடாதே.

ரொஷான்


கொட்டாஞ்சேனை
5 ஜனவரி 2025

ரொஷானுக்கு,

7√4 பிழை. இரண்டு மாலு பாணையும் சேர்த்து வைத்தால் அது வேறு பண்டமாக மாறாது. 5√2 + 2√2 = 7√2. உள்ளே இருப்பதைத் தொடக்கூடாது.

இப்படிப் பிழை விடாமல் இருக்க ஒரு வழி சொல்கிறேன். விடை வந்ததும் கிட்டத்தட்ட எவ்வளவு என்று பாருங்கள். √50 ஏறக்குறைய 7. √8 ஏறக்குறைய 3. கூட்டினால் 10 அளவில் இருக்க வேண்டும். நீங்கள் எழுதிய 7√4 என்பது 14. அவ்வளவு எங்கிருந்து வரும்? பரீட்சையிலும் இதைச் செய்யுங்கள்.

உங்கள் தாளை வேலைக்குக் கொண்டுபோயிருந்தேன். வெள்ளவத்தையில் பண்டிகை வியாபாரம், கடையில் நிற்க இடமில்லை. மத்தியானம் கணக்கு மேசையில் வைத்துத் திருத்திக்கொண்டு இருந்தபோது அப்பா வந்தார். நான் அங்கே வேலை செய்கிறேன் என்று தெரிந்தும் இவ்வளவு காலமும் அந்தப் பக்கமே வராதவர்.

"ஆற்றை கையெழுத்து?" என்று கேட்டார்.

"அவற்றை" என்று உங்களைத்தான் சொன்னேன்.

கண்ணாடியைப் போட்டு முழுவதையும் வாசித்தார். "உள்ளுக்கு இருக்கிறதைக் கூட்டக்கூடாது எண்டு நீ சொல்லிக் குடுக்கேல்லையோ?"

"சொன்னனான்."

தாளை மடிக்காமல் மேசையில் திரும்ப வைத்தார். "வீட்டை வா, பிள்ளை. அம்மா உன்ரை கட்டிலுக்கு விரிப்பு மாத்தி வைச்சிருக்கிறா" என்றார். கோபத்தில் சொல்லியிருந்தால் நானும் பதில் சொல்லியிருப்பேன். கடைப் பெடியன்களுக்கு முன்னால் அவர் குரல் அப்படி இறங்கி நான் கேட்டதில்லை. வேலை இருக்கு அப்பா என்று மட்டும் சொன்னேன்.

நம்புகிறேனா என்று கேட்டிருக்கிறீர்கள். நம்புகிறேன். நம்பாவிட்டால் இந்தத் தாள்களைத் திருத்திக்கொண்டு இருப்பேனா? ஆனால் நம்பிக்கையால் ஒன்றும் நடக்கவில்லை. சட்டத்தரணி நாகேந்திரத்தைப் பார்க்கப் போகும்போதெல்லாம் அரச பகுப்பாய்வாளரின் அறிக்கை வரவில்லை என்கிறார். அது வரும்வரை பிணை கேட்டும் பயனில்லையாம்.

புதிய கணக்குகள் பின்பக்கத்தில். கழித்தலும் சேர்த்திருக்கிறேன்.

ஹம்சிகா


விளக்கமறியல், கொழும்பு
26 ஜனவரி 2025

ஹம்சிக்கு,

அம்மா வந்தா. நீதான் பஸ் ஏற்றி அனுப்பினாய் என்று சொன்னா. சேர்ட்டும் கிடைத்தது. பரீட்சைக்குப் போட வைத்திருக்கிறேன்.

√75 − √12 = 5√3 − 2√3 = 3√3. கிட்டத்தட்ட பார்த்தேன்: 8 அல்லது 9-இலிருந்து 3 சொச்சம் போனால் 5. 3√3-உம் 5 அளவில்தான். √20 + √45 − √5 = 4√5. இதையும் பார்த்தேன். சரியாக வருகிறது, ஹம்சி. பள்ளிக்கூடத்தில் யாராவது இப்படிச் சொல்லித் தந்திருந்தால் நான் கொச்சிக்கடைச் சந்தியில் திறீவீலோடு நின்றிருக்க மாட்டேன்.

பரீட்சை அட்டை வந்துவிட்டது. உள்ளே நூலக அறையில்தான் நடக்கும். கணக்குப் பேப்பர் மார்ச் மாதத்தில், திகதியைத் தாளின் மேலே எழுதியிருக்கிறேன்.

அன்றைக்கு நான் உன்னை அப்படிச் சொல்லியிருக்கக்கூடாது. எழுதுவதற்கு இவ்வளவு நாள் எடுத்தது.

கழித்தல் கணக்கு இன்னும் கொஞ்சம் அனுப்பு.

ரொஷான்


கொட்டாஞ்சேனை
16 பெப்ரவரி 2025

ரொஷானுக்கு,

இதை வாசித்தவுடன் பதில் எழுதுங்கள்.

நாகேந்திரம் உங்கள் வழக்கை விசேடமாகக் கூப்பிடக் கேட்டிருந்தார். நீதிமன்றம் ஒரு தவணை கொடுத்திருக்கிறது. நீங்கள் சொன்ன திகதியை எடுத்துப் பார்த்தேன். கணக்குப் பேப்பரும் அதே நாள்.

தவணையை மாற்ற முடியுமா என்று அவரிடம் கேட்டேன். "மாத்தலாம், பிள்ளை. மனு ஒண்டு போட்டால் சரி. ஆனா அடுத்த திகதி எப்ப கிடைக்கும் எண்டு கடவுளுக்குத்தான் தெரியும். அண்டைக்கு அறிக்கை வந்துதெண்டால் பிணைக்குக் கதைக்கலாம். கணக்குச் சோதினை வருசா வருசம் வரும்தானே" என்றார்.

அறிக்கை வருமா என்று கேட்டேன். வரலாம் என்றார்.

உங்களைப் பார்த்துக் கேட்கத்தான் நேற்று வந்தேன். வரமாட்டேன் என்று சொன்னதை எல்லாம் விட்டுவிட்டுத்தான் வந்தேன். உள்ளே அம்மை வந்திருக்கிறது, யாரையும் விடமாட்டோம் என்று வாசலிலேயே திருப்பிவிட்டார்கள். செய்தியாவது சொல்லுங்கள் என்று கேட்டேன். கடிதம் எழுதச் சொன்னார்கள்.

தவணையை மாற்றவா, விடவா? ஒரு சொல் போதும். மனுப் போடுவதென்றால் மாதம் முடிவதற்குள் போட வேண்டும்.

நீங்கள் கேட்ட கழித்தல் கணக்குகள் அடுத்த தாளில். முதலாவதை வழியோடு செய்து காட்டியிருக்கிறேன்.

ஹம்சிகா


கொட்டாஞ்சேனை
9 மார்ச் 2025

ரொஷானுக்கு,

உங்களிடமிருந்து ஒன்றும் வரவில்லை. மறுபடியும் வாசலுக்கு வந்தேன், இன்னும் விடுகிறார்கள் இல்லை. நீங்கள் சுகமாக இருக்கிறீர்கள் என்று மட்டும் பட்டியலைப் பார்த்துச் சொன்னார்கள்.

மாமியிடம் கேட்டேன். "எனக்கு என்ன தெரியும் மகள், புள்ள வீட்டுக்கு வந்தா போதும்" என்றா. நானும் அப்படித்தான் நினைத்தேன். தவணை அப்படியே இருக்கட்டும் என்று நாகேந்திரத்திடம் சொல்லிவிட்டேன்.

அறிக்கை வந்தால் அன்றைக்கு நீங்கள் வீட்டுக்கு வரலாம். கணக்கை அடுத்த முறை வீட்டிலிருந்து எழுதலாம். இதை நினைத்துக்கொண்டுதான் முடிவு எடுத்தேன்.

நானும் நீதிமன்றத்துக்கு வருவேன்.

ஹம்சிகா


விளக்கமறியல், கொழும்பு
30 மார்ச் 2025

ஹம்சிக்கு,

நடந்ததை முறையாக எழுதுகிறேன்.

அன்று காலையில் அம்மா தந்த சேர்ட்டைப் போட்டுக்கொண்டு நூலக அறைக்கு முன்னால் வரிசையில் நின்றேன். பேனை இரண்டு, அடிமட்டம், அட்டை எல்லாம் கையில். அப்போது நீதிமன்றப் பட்டியல் வாசித்தார்கள். என் பெயர் வந்தது. யாரோ வேறு ரொஷான் என்று நினைத்தேன். இரண்டாம் முறை அப்பாவின் பெயரையும் சேர்த்து, பேர்னாட்டின் மகன் என்று வாசித்தார்கள்.

கூப்பிட வந்த அதிகாரியிடம், "சேர், மட்ட அத விபாகய", எனக்கு இன்றைக்குப் பரீட்சை என்று அட்டையைக் காட்டினேன். அவர் அதை வாங்கிப் பார்த்தார். "உசாவிய லொக்குத, விபாகய லொக்குத?" என்று கேட்டார். நீதிமன்றம் பெரிதா, பரீட்சை பெரிதா. அவர் திட்டவில்லை, உண்மையாகவே கேட்டதுபோல் இருந்தது. நான் சிறைச்சாலை வான் வண்டியில் ஏறினேன். அடிமட்டத்தை ஏறும்போதே வாங்கிவிட்டார்கள்.

நீ கடைசி வாங்கில் இருந்ததைக் கண்டேன். என்னைப் பார்த்துச் சிரித்தாய். எனக்கு அப்போது ஒன்றும் தெரியாது. நாகேந்திரம் எழும்பினார், அறிக்கை வரவில்லை என்று மற்றப் பக்கத்தில் சொன்னார்கள், நீதவான் வேறு திகதி போட்டார். நான் கூண்டுக்குள் ஏறி நின்று மூச்சு வாங்குவதற்குள் முடிந்துவிட்டது. பிறகு பின்னேரம் வரை கீழே அடைத்து வைத்திருந்தார்கள், வான் நிறைய வேண்டுமே.

திரும்பி வந்தபோது நூலகத்தில் கதிரைகளை அடுக்கிக்கொண்டு இருந்தார்கள். பேப்பர் எழுதின பெடியன் ஒருத்தன் மூலக் கணக்கு ஒன்று வந்ததாகச் சொன்னான். கேட்டேன். நின்ற இடத்திலேயே மனதுக்குள் செய்தேன். வந்தது.

அடுத்த நாள் நலன்புரி அதிகாரி என்னைக் கூப்பிட்டார். மேசையில் உன் இரண்டு கடிதங்களும், உனக்கு நான் பெப்ரவரியில் எழுதின ஒன்றும் கிடந்தன. கணக்குத் தாள்களில் √ வருகிற இடமெல்லாம் சிவப்புப் பேனையால் வட்டம் போட்டிருந்தது. போதைப்பொருள் வழக்கில் இருப்பவனுக்கு இப்படி ஒரு தாள் போகிறது என்று யாரோ அவரிடம் கொடுத்திருக்கிறார்கள்.

"மே கோட் எக்கக்த?" என்றார். இது இரகசியக் குறியா என்று.

"நே சேர், கணன்" என்றேன். கணக்குத்தான்.

"எஹெனம் ஹதலா பென்னன்ன." அப்படியென்றால் செய்து காட்டு.

நீ வழியோடு செய்து தந்த முதல் கணக்கின் மேல் தன் கையை வைத்து மறைத்துக்கொண்டார். கேள்வி மட்டும் தெரிந்தது: √50 − √18. வெற்றுத் தாள் ஒன்றைத் தள்ளினார். பரீட்சையில் எழுத வைத்திருந்த பேனையால்தான் எழுதினேன். 50 என்றால் 25 × 2, ஐந்து வெளியே. 18 என்றால் 9 × 2, மூன்று வெளியே. 5√2 − 3√2 = 2√2. அவர் தன் கையை எடுத்துப் பார்த்தார். நீ எழுதியதும் அதேதான்.

"ஹரி", சரி என்று சொல்லிக் கடிதங்களைத் தந்தார். தமிழ் வாசிக்கிற ஆள் லீவில், நான் என்ன செய்யட்டும் என்றார். கெட்ட மனிதர் இல்லை. தேத்தண்ணீர் வேண்டுமா என்றுகூடக் கேட்டார்.

அங்கேயே நின்று வாசித்தேன்.

நீ கேட்டதற்கு இப்போது பதில் எழுதுகிறேன். மாற்று. தவணையை மாற்றி என்னைப் பரீட்சை எழுதவிடு. அந்த அறிக்கை வரும் என்று நான் ஒருநாளும் நம்பவில்லை, ஹம்சி. பிணை கிடைக்கும் என்றும் நம்பவில்லை. கணக்கு வரும் என்று மட்டும்தான் நம்பினேன். உன்னில் பிழை இல்லை என்று எழுதத்தான் இருந்தேன். எழுத வரவில்லை.

ஜனவரியில் நீ பின்பக்கத்தில் தந்தவற்றில் மிச்சக் கணக்குகளைப் பெப்ரவரியில் செய்து அந்தக் கடிதத்தோடு போட்டிருந்தேன், அந்தத் தாளை இத்துடன் அனுப்புகிறேன்.

ரொஷான்


வெள்ளவத்தை
27 ஏப்ரல் 2025

ரொஷானுக்கு,

முகவரி மாறியிருப்பதைக் கவனித்திருப்பீர்கள். வீட்டுக்காரருக்கு வீடு வேண்டுமாம். மாமி ஹெந்தளையில் தங்கச்சியோடு இருக்கிறா. உங்கள் உடுப்புகளையும் பெரிய மாதா சுரூபத்தையும் அவவே கொண்டுபோனா. நான் இங்கே அப்பா வீட்டுக்கு வந்துவிட்டேன்.

நான் உங்களைக் கேட்டேன். கடிதம் வராதது என் குற்றம் இல்லை. அந்தத் தாளைச் சேர்த்து அனுப்பியதும் நான்தான், நீங்கள் கேட்டதால் அனுப்பினேன். கணக்கு இல்லாமல் கேள்வியை மட்டும் அனுப்பியிருந்தால் அது ஒரு கிழமையில் உங்கள் கைக்கு வந்திருக்கும். இதை எத்தனை முறை நினைத்தாயிற்று. மறுபடியும் அதே நிலைமை வந்தாலும் தவணையை விடத்தான் சொல்லியிருப்பேன். நீங்கள் வீட்டுக்கு வருவீர்கள் என்று நம்பினேன். அதனால்தான் அங்கே சிரித்தேன். நீங்கள் அதை நம்பவே இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் நான் யாருக்காக அந்த வாசலில் நின்றேன்?

அப்பா ஒரு நிபந்தனையும் போடவில்லை. நான் கடிதம் எழுதக்கூடாது என்று அவரும் சொல்லவில்லை, அம்மாவும் சொல்லவில்லை. சாப்பாட்டு மேசையில் உங்கள் பெயரை யாரும் எடுப்பதில்லை, அவ்வளவுதான். எனக்கும் எடுக்க வரவில்லை. களைத்துப் போய்விட்டேன், ரொஷான். கோபம் இருந்தபோது எழுத முடிந்தது. இப்போது கோபமும் இல்லை.

நாகேந்திரத்துக்குச் செய்தி சொல்ல வேண்டியிருந்தால் மாமியின் தங்கச்சி போவா.

உங்கள் பெப்ரவரித் தாளைத் திருத்திவிட்டேன். எல்லாம் சரி. கடைசிக் கணக்கு ஓ.எல்.ஐ விடக் கடினம், வேண்டுமென்றே போட்டேன். அதையும் சரியாகச் செய்திருக்கிறீர்கள். இந்தப் பாடத்தில் நான் சொல்லித்தர இனி ஒன்றும் இல்லை.

இதற்குப் பதில் எழுத வேண்டாம்.

ஹம்சிகா


விளக்கமறியல், கொழும்பு
28 செப்டெம்பர் 2025

ஹம்சிக்கு,

எழுத வேண்டாம் என்றாய். இவ்வளவு மாதமும் எழுதவில்லை. இதையும் அனுப்புவேனா தெரியாது.

அறிக்கை இன்னும் வரவில்லை. இரண்டு தவணை போய்விட்டது. புவாத் பிணையில் போனார். போகும்போது தன் தலையணையை எனக்குத் தந்தார். அம்மாவுக்கு முழங்கால் வீங்கி இருப்பதால் ஹெந்தளையிலிருந்து வர ஏலாதாம். வர வேண்டாம் என்று நானும் சொல்லி அனுப்பினேன்.

அடுத்த ஓ.எல்.க்கு விண்ணப்பம் வந்தது. வேண்டாம் என்றுதான் இருந்தேன். நலன்புரி அதிகாரி தானே கொண்டுவந்து முன்னால் வைத்துவிட்டு நின்றார். பாடம் கணக்கு, மொழி தமிழ் என்று நிரப்பினேன். பெறுபேறு அனுப்ப வீட்டு முகவரி கேட்டிருந்தது. கொட்டாஞ்சேனை வீட்டில் இப்போது வேறு ஆட்கள். ஹெந்தளை வீட்டு இலக்கம் எனக்குத் தெரியாது. வெள்ளவத்தை என்று எழுதத் தொடங்கி நிறுத்தினேன்.

இங்கத்தைய முகவரியை எழுதினேன். அதிகாரி அதை வாசித்தார், முத்திரை குத்தி எடுத்துக்கொண்டு போனார்.

ரொஷான்